பாதிரியார் வீட்டு விளக்கு

சங்கு ஊதியது. லூசியாவால் எடுக்க முடியாத மூலைக்குப் போய்க்கொண்டிருந்த பந்து, யாருக்கும் வேண்டாததாக மணலில் விழுந்தது. சூரியன் இன்னும் தென்னைகளுக்கு மேலே சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"இதுக்குள்ள அந்தி ஜெபமா?" அவள் கைப்பந்து வலையைப் பிடித்து உலுக்கினாள். "எல்லாம் உன் விளக்கால!"

ஊரே பெசமினோவை முறைத்தபடி வீட்டுக்குள் போனது. சங்குக்குப் பிறகு சமோவாவில் வெளியே நிற்கக் கூடாது. முடியாத ஆட்டம் மறுநாள் முதலிலிருந்து தொடங்கும்.

பாதிரியார் வீட்டு வாசலில் விளக்கு எரிந்ததும் ஃபிலிப்போ சங்கு ஊத வேண்டும். இருட்டினால் தானே எரியும்படி அந்த விளக்கில் ஒளி உணரியும் சிறு மின்னணுச் சில்லும் பொருத்தியவன், அறிவியல் வாத்தியாரும் லூசியாவின் கணவனுமான பெசமினோ.

உணரியை ஒரு சீமைப்பலா இலை மூடியிருந்தது. அதைக் கூரைக்கு மாற்றினான். மறுநாள் மேகம் வந்தது, விளக்கு எரிந்தது, சங்கு ஊதியது.

"மேகத்துக்கும் ராத்திரிக்கும் வித்தியாசம் தெரியாத உன் மூளையைத்தான் அதுக்குள்ள வச்சியா?" என்றாள் லூசியா.

சூரியனையே பார்க்கட்டும் என்று உணரியை மேற்கே திருப்பினான். விளக்கும் அந்தப் பக்கம்தான் இருந்தது. தன் வெளிச்சத்தையே கண்டு, விடிந்துவிட்டதென்று விளக்கு அணைந்தது. அணைந்ததும், இருட்டிவிட்டதென்று எரிந்தது. பாதிரியார் வீட்டில் நடந்த ஜெபம் முழுக்கக் கண் சிமிட்டியது. பின்வரிசைப் பையன்கள் அதன் தாளத்துக்கு ஆடத் தொடங்கினார்கள்.

ஊர்த் தலைவர் கைத்தடியைத் தரையில் குத்தினார். "வாத்தியாரே, இன்னொரு தடவை சங்கு முந்துச்சுன்னா விளக்கு கடலுக்கு. உன் பன்னி எங்க அடுப்புக்கு."

சனிக்கிழமை பக்கத்து ஊருடன் ஆட்டம். பெசமினோ பல்லைக் கடித்துக்கொண்டு சில்லையே பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இனி எரியட்டும் பார்க்கலாம்.

பக்கத்து ஊர் ஜெயிக்க ஒரே ஒரு புள்ளி பாக்கி. பந்து மேலே எழும்பியது.

சங்கு ஊதியது.

"உன் விளக்கு!" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள் லூசியா. தலைவர் பன்றியைத் தேடக் கிளம்பினார்.

பெசமினோ வீட்டுக்குள் போகவில்லை. தடையாவது மண்ணாவது என்று ஓடிப்போய் ஃபிலிப்போவின் மூக்குக்கு நேரே சில்லை நீட்டினான்.

"பாருடா! சில்லு என் கையில. விளக்கு செத்துக் கெடக்கு. எதைப் பாத்துடா ஊதின?"

ஃபிலிப்போ சங்கைக் கீழே வைத்துவிட்டு, இறைச்சி டின்னை வழித்து நக்கினான்.

"விளக்கை எவன் பாத்தான் வாத்தியாரே? நான் ஆட்டத்தையில்ல பாக்கறேன். தோக்கற மாதிரி இருந்தா ஊதுன்னுதான உங்க வீட்டம்மா தெனம் ஒரு டின் குடுக்கறாங்க!"