கெல்சென்கிர்ச்சனில் பின்பாதி, எசனில் முன்பாதி

எங்கள் வீட்டு அல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. அதன் பின்புறத்தில் என் கையெழுத்து: "ஒக்டோபர் 1987, கெல்சென்கிர்ச்சன். நானும் என் காரும். காரின் பின்பாதி படத்தில் இல்லை." படம் எடுத்த என் முகாம் நண்பன் சிவபாலன், எதிர்ச் சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போய்ப் பார்த்தான். வீதிதான் முடிந்தது; கார் முடியவில்லை.

நான் பஸ் ரிக்கற்றுக்குக்கூடத் திகதி போட்டு வைக்கிற ஆள். ஆனால் அந்த அமெரிக்கக் காரை ஏன் வாங்கினேன் என்று என் குறிப்புகளில் ஒரு வரி இல்லை. புத்தியான காரணம் ஏதும் இருந்திருந்தால் கட்டாயம் எழுதியிருப்பேன்.

உண்மைக் காரணம் வதனி. பக்கத்து நகரமான எசனில் தன் தமையன் குலம் அண்ணையோடு இருந்தாள். எனக்குப் பேசிவந்த பெண். அதேநேரம் ரொறன்ரோவிலும் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். அவருக்குச் சொந்த வீடு, நிரந்தர விசா. எனக்கு அகதி முகாமில் ஒரு இரட்டைக்கட்டில், அதிலும் மேல்தட்டு.

குலம் அண்ணை தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, ஞாயிறு பதினொரு மணிக்கு நேரிலை பாப்பம். அதுக்குப் பிறகு கனடாக்காரருக்கு ஒரு முடிவு சொல்லவேணும்."

எங்கே பார்ப்பது? ஜேர்மன் சட்டப்படி, அகதி விண்ணப்பம் முடியும்வரை நான் கெல்சென்கிர்ச்சன் எல்லையைத் தாண்டக்கூடாது, அவர்கள் எசன் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டிப் பிடிபட்டால் கோப்பில் ஏறும். அனுமதி கேட்கலாம்தான். (காரணம் என்ற இடத்தில் 'பெண் பார்க்க' என்று எழுத குலம் அண்ணைக்கு வெட்கம்.) ஆகவே இரண்டு நகரங்களுக்கும் நடுவே ஊர்ப்பெயர்ப் பலகை நிற்கும் இடத்தில், அவரவர் எல்லைக்குள் நின்று பெண் பார்ப்பதென்று முடிவாயிற்று.

வெறுங்கையோடு, அதுவும் நடந்துபோய் நிற்பதா? எங்கள் தெருமுனை மதுக்கடைக்காரருக்குக் கௌபோய்ச் சப்பாத்திலும் அமெரிக்கக் காரிலும் பைத்தியம். அவருடைய மனைவிக்கு இரண்டிலும் வெறுப்பு. சப்பாத்தை விட மனமில்லாமல் காரை விற்றார். குளிர்ச்சட்டைக்கும் டொச் என்கிற ஜேர்மன் மொழி வகுப்புக்கும் என் அண்ணன் அனுப்பிய காசில் வாங்கினேன். எட்டு சிலிண்டர், நான்கு கதவு, முன்சீற்று மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரு முழு வாங்கு. பொனற்றில் பாய் விரித்து நான்கு பேர் படுக்கலாம். ஸ்ராட் பண்ணினால் அரிசி மில் ஓடத் தொடங்கியதுபோல் முகாம் யன்னல்கள் எல்லாம் திறக்கும்.

"பெற்றோல் முள் மட்டும் வேலை செய்யாது" என்றார் கடைக்காரர். "எப்போதும் முக்கால் காட்டும்." எனக்கு அது குறையாகவே படவில்லை. எப்போதும் முக்கால் தாங்கி நிறைந்த கார்!

ஞாயிறு காலை கோட்டுப் போட்டுப் புறப்பட்டேன். துணைக்குச் சிவபாலன். "மச்சான், வாங்கினதுக்கு ஒருக்கா ரவுணைச் சுத்திக் காட்டிப்போட்டுப் போவம்" என்றான். ஒருக்கா மூன்றுதரம் ஆயிற்று. நகரத்தில் தெரிந்த தமிழர் எல்லாருக்கும் கை காட்டினோம். தெரியாத துருக்கியருக்கும் காட்டினோம்.

பலகை தெரிந்தது. அதற்கப்பால் குலம் அண்ணை, பக்கத்தில் நீலக் கோட்டுக்குக் கீழே சேலை தெரிய வதனி. கம்பீரமாகப் போய் நிறுத்த நினைத்த கணத்தில் மில் நின்றது. பெற்றோல் முடிந்துவிட்டது, முள் முக்காலில் நின்றது. எஞ்சின் நின்றால் அந்த வகைக் காரில் ஸ்ரியறிங் கல்லாகிவிடும், பிறேக் மரக்கட்டையாகிவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"தம்பி, நில்லுங்கோ! இஞ்சாலை வராதேங்கோ!" குலம் அண்ணை இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

காலை அமத்தி அமத்தி ஒருவாறு நிறுத்தினேன். பலகைக் கம்பம் என் கதவுக்கு நேரே நின்றது. காரில் எனக்கு முன்னாலிருந்த பகுதி முழுவதும் எசனில்.

அப்போதுதான் பின்னால் பொலிஸ் வண்டி வந்து நின்றது. நான் செய்ததை இன்றைக்கும் என் பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள். கோட்டோடு முன்வாங்கின்மேல் ஏறி விழுந்து பின்சீற்றுக்குப் போனேன். பின்பாதி எங்கள் நகரமல்லவா? சிவபாலனும் என்மேலேயே வந்து விழுந்தான்.

பொலிஸ்காரர் யன்னலால் எட்டிப் பார்த்தார். முன்னால் ஒருவருமில்லை. பின்னால் இரண்டு கனவான்கள்.

"யார் ஓட்டுவது?" என்று டொச்சில் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை ஐயா" என்றான் சிவபாலன். (அவனுக்குத் தெரிந்த டொச்சில் ஆகத் திருத்தமான வசனம் அதுதான்.)

அடையாள அட்டையைப் பார்த்தார். எல்லைக்கு அப்பால் சேலையைப் பார்த்தார். என் கோட்டைப் பார்த்தார். மனுசனுக்கு விளங்கிவிட்டது. "நான் இதைப் பார்க்கவில்லை. பின்னால் தள்ளுங்கள்" என்றார்.

பின்னால் தள்ளுவதானால் பொனற்றில் கை வைக்கவேண்டும். பொனற்றோ எசனில். அதைத் தொடச் சட்டப்படி உரிமையுள்ளவர்கள் குலம் அண்ணையும் வதனியும்தான்!

நான் மறுபடி ஸ்ரியறிங்குக்குப் போய் கியரை விலக்கினேன். பொலிஸ்காரர் மேகம் பார்த்தார். தமையனும் தங்கையும் தள்ளினார்கள். கார் அசையவில்லை. குலம் அண்ணை மூச்சு வாங்கினார்: "இது காரோ, கப்பலோ?" வதனி சேலையைச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் பொனற்றில் ஊன்றி, கண்ணாடியூடாக என்னை நேரே பார்த்தாள். நான் வெட்கத்தில் தலை குனிந்தேன். வழக்கமாக அது பெண் செய்யவேண்டிய வேலை.

அப்போது அவள் என்னோடு முதல் வார்த்தை பேசினாள்:

"பிறேக்கிலை இருந்து காலை எடுங்கோ!"

எடுத்தேன். கார் நகர்ந்தது.

எல்லையில் நின்றபடி குலம் அண்ணை கேட்டார்: "என்ன பிள்ளை, கனடாவுக்கு என்ன சொல்ல?"

வதனி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சொன்னாள்: "வேண்டாமெண்டு சொல்லுங்கோ. ஆனா இந்தக் கார் வரக்கூடாது."

காரை மதுக்கடைக்காரரே திரும்ப வாங்கினார், பாதி விலைக்கு. அவருடைய மனைவி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போதும் வீட்டில் நான் எந்த விஷயத்தை இழுத்தடித்தாலும் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள்: "அப்பா, காலை எடுங்கோ!"

ஒரு விஷயம் மட்டும் தீரவில்லை. நானும் ஸ்ரியறிங்கும் எசனுக்குள் இருந்ததைக் கண்ணால் கண்டதாக வதனி சொல்கிறாள். கம்பம் என் தோளுக்கு நேரே இருந்தது என்பது என் கட்சி. பிறகு வீதியை அகலமாக்கிப் பலகையை வேறிடத்தில் நட்டுவிட்டார்கள். பழைய இடத்தைக் காட்டும் வரைபடம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பிறேக் மிதித்த கால் எல்லை தாண்டியதை ஒப்புக்கொள்கிறேன். மிச்ச நான் தாண்டினேனா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.