பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும்

"பெயர் வேண்டாம் அனார்குல், முதலெழுத்து போதும்," என்றார் மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் போனில்.

நர்ஸ் அனார்குலுக்கு அதுவே பெரிய சங்கடம். மாத்திரையால் யாருக்காவது கெடுதல் வந்தால் உடனே மேலே தெரிவித்தாக வேண்டும். ஆனால் நாரின் மலைக்குள் ஒளிந்திருந்த அந்த ஊரில் மளிகைக்கடை வாசலில்தான் சிக்னல் கிடைக்கும். அதுவும் கத்தினால்தான் கேட்கும். அந்த வாசலிலோ எந்நேரமும் பாதி ஊர் நிற்கும்.

காலையில்தான் புருல்சா அக்கா அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். "சனிக்கிழமை பையனுக்குக் கல்யாணம்டி. உடம்பெல்லாம் தடிப்புன்னு சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா, ஏதோ ஒட்டுவாரொட்டின்னு பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. மூச்சு விட்டுடாதே!"

"பு.க.," என்றாள் அனார்குல் மெல்ல.

"கேக்கல!"

"பு.க.! பொம்பளை! அம்பத்தெட்டு வயசு! பல்வலி மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு!"

மாவு வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பு.க.ன்னா நம்ம புருல்..." என்று ஆரம்பித்தார் கடைக்காரர் தோக்தோசுன்.

அனார்குல் அவரை முடிக்க விடவில்லை. "டாக்டர், தப்பு! சை.ம.! சை.ம.ன்னு எழுதிக்குங்க!" வாயில் வந்த எழுத்து அது.

"அடடா, நம்ம சைனப் அக்காவா!"

நாற்பது வீட்டு ஊரில் வேறு சை.ம. ஏது? அரைமணி நேரத்தில் போர்சோக் ரொட்டியும் பாலாடையும் ஆட்டுத்தொடையுமாக சைனப் வீட்டுக்கு ஊர்வலம் கிளம்பிவிட்டது. அவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், ஒரு வார்த்தை பேசாமல் சாத்திக்கொண்டாள்.

'எனக்கு ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாளா பாரு! சும்மா வந்தா விடுவாளா?' அனார்குல் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கடைக்கு ஓடினாள். நல்லவேளை, கடைக்காரர் உட்பட ஊரே சைனப் வீட்டு வாசலில் இருந்தது.

"டாக்டர், அந்த சை.ம.வை அடிச்சிடுங்க. பழையபடி பு.க.தான்."

"என்னது, ரெண்டு பேரா? ஒரே மாத்திரையில ரெண்டு பேருக்கா? யாரையும் அடிக்க வேண்டாம். நாளைக்கு நானே வர்றேன்!"

"ஐயோ, ரெண்டு பேர் இல்ல டாக்டர்..."

போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் காலை டாக்டர் வந்து சத்தமில்லாமல் புருல்சாவைப் பார்த்தார். "மாத்திரைதான் காரணம். ஒட்டாது. நிறுத்தியாச்சில்ல? கல்யாணத்துக்குள்ள மறைஞ்சிடும்," என்றார். புருல்சா அவருக்கு இரண்டு கிண்ணம் குதிரைப்பால் ஊற்றிக் கொடுத்தாள்.

"சரி, அடுத்த ஆள் எங்கே?"

அனார்குல் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"இல்லாத நோயாளியை உண்டாக்கினியா?" டாக்டருக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. "நட, முதல்ல அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளு."

வெயில் கொளுத்திய அந்த நாளில் சைனப் கம்பளிக் கோட்டுடன் கதவைத் திறந்தாள்.

"அக்கா, நான் போன்ல உளறினது..."

சைனப் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். இருவரையும் உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். கோட்டுக் கையைத் தோள்வரை சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு.

"பல்லு வலிக்குதுன்னேன், புருல்சா அவ மாத்திரையில பாதியைக் குடுத்தா. நீ திட்டுவியேன்னு ஒரு ஈ காக்காகிட்ட மூச்சு விடல. கடை வாசல்ல நின்னபடியே எப்படிடி கண்டுபிடிச்சே?"