வேல்ஸுக்கு நான் குறித்துக் கொடுத்த சீசன்

பார்க்காத ஊரைப் பற்றி எழுதுவது ரொம்பச் சுலபம். பார்த்த ஊர் என்றால்தான் சந்தேகமெல்லாம் வரும். இருபத்து மூன்று வயதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

கோல்கொண்டா பக்கத்தில் கச்சிபௌலியில் பாதிக் கட்டடங்களுக்குச் சாரம் பிரிக்காத காலம். வெளிநாட்டு இணையதளங்களுக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். வேல்ஸ் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அதன் நகரசபை, ஊர் வரலாற்றையும் பார்க்க வேண்டிய இடங்களையும் எழுதும் வேலையை எங்களிடம் தந்தது. (ஊரின் பெயரை இன்றுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நடுவில் எங்கே மூச்சு விடுவது என்று தெரியவில்லை.) வேலை நல்லபடி முடிந்தால் என்னைப் பதினைந்து நாள் அங்கேயே அனுப்புவார்கள். நான் ஆன்சைட் போவதை அப்பா திருநெல்வேலியில் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அவர்கள் அனுப்பிய குறிப்புகளை வைத்துக்கொண்டு வெளுத்து வாங்கினேன். குன்றின் மேல் இடிந்த கோட்டை, கப்பல் கப்பலாகக் கூரைக்கல் ஏற்றிய துறைமுகம், கடலுக்குள் நீளும் மரப்பாலம், கலங்கரை விளக்கம். கடைசியில் 'பார்க்க உகந்த காலம்' என்று ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. குறிப்புகளில் அதற்கு ஒன்றும் இல்லை. அந்த மே மாதம்தான் கோல்கொண்டா கோட்டையில் பாதிப் படியில் தலைசுற்றி உட்கார்ந்திருந்தேன். அனுபவம் பேசியது. 'கோடையைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மிகவும் இதமாக இருக்கும்' என்று எழுதினேன்.

டீம் லீடர் ராவ் சார் ஒரு கமாவைக் கூட விடாமல் பார்ப்பவர். "சம்மர்ல எவரும்மா கோட்டை ஏறுவாங்க? கரெக்டா எழுதினாவு" என்று ஒப்புதல் கொடுத்தார். அவர் விஜயவாடாக்காரர்.

நவம்பரில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி என்னை நம்பித் திருமண நாள் கொண்டாட அங்கே போனார்கள். அலைக்குப் பயந்து பாலத்தை மூடியிருந்தார்கள். கோட்டைக்குப் பூட்டு. டீக்கடை ஏப்ரலில்தான் திறக்குமாம். கணவரின் தொப்பி கடலோடு போயிற்று. நகரசபைக்கு நான்கு பக்கத்தில் புகார் எழுதினார்கள்.

அடுத்த வாரம் நகரசபை அம்மையார் ஸ்பீக்கர்போனில் வந்தார். ஆன்சைட் போயிற்று, வேலையும் போகப் போகிறது, அப்பா இனி எப்படித் தெருவில் நடப்பார் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். ராவ் சார், வெயிலை முன்னிட்டுத்தான் அப்படி எழுதினோம் என்று வேறு விளக்கினார்.

"இங்கே வெயில் அடித்தால் அது செய்தி" என்றார் அம்மையார். பிறகு, "எழுதியவர் யார்?"

"நான்தான் மேடம்."

"நீங்கள் அவசியம் வர வேண்டும். ஜனவரியில் வாருங்கள். நீங்கள் சொன்ன சீசன்தானே."

அனுப்பினார்கள். பதினைந்து நாளும் பக்கவாட்டில் மழை, மற்ற நேரம் பனிமூட்டம். கோட்டையைத் தொட்டுத்தான் பார்த்தேன்.

அங்கே எடுத்த ஒரே படத்தை அப்பா கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். நடுவில் நான், சுற்றிலும் வெள்ளை. யார் வந்தாலும் விரலை வைத்துக் காட்டுவார்: "இந்தா, இதுதான் கோட்டை. அந்தால தெரியுதுல்லா, அது மரப்பாலம்."

போன மாதம் வந்த சம்பந்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நல்லா கட்டியிருக்கான்" என்றார்.