யார் தலையைச் சுற்றிய வட்டம்?

சேசு மரி சூசை துணை

ஹட்டன்
23.2.1957

அன்புள்ள பவுலின் அக்காவுக்குத் தங்கை பெற்றீசியா எழுதுவது. தேவமாதா தயவில் இங்கு எல்லோரும் சுகம். வலப்பனையில் மச்சானுடைய முழங்கால் குணமாக, நாள் தவறாமல் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவருகிறேன்.

12ஆம் தேதி திருச்சிக்குப் போன பிளேனில் நடந்ததை வேறு யார் வாயாலும் நீங்கள் கேட்கக்கூடாது. இடப்பக்கச் சன்னலோரம் இருந்தவர்கள்: முன் சீட்டில் செலின் அப்பா இவங்க, நடுச் சீட்டில் நான், பின் சீட்டில் மகள் செலின்.

போனது ஜவுளிக்கடை மாப்பிள்ளையைப் பார்க்க. அது இவங்க ஆசை. என் ஆசை நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸர் சின்னராசா; பிள்ளை கண் முன்னால் இருப்பாள். செலின் நர்ஸ் படிப்புக்கென்று ஒரு விண்ணப்பப் பாரம் கொண்டுவந்தாள். அதை அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். கப்பலில் எனக்கு வாந்தி வரும் என்று பிளேன். மாதா யாருக்கு அடையாளம் காட்டுகிறாளோ அவர் சொல்வதே முடிவு என்று இரத்மலானை விமான நிலையத்திலேயே பேசிக்கொண்டோம். அடையாளம் கேட்டு நான் அதற்கு முன்னாலேயே ஒன்பது நாளும் நவநாள் செய்து கொப்பியில் ஒன்பது கோடு போட்டிருக்கிறேன். இவங்க ரெண்டே நாள், அதுவும் குளிக்காமல்.

மேலே போனதும் கடல் எது வானம் எதுன்னே தெரியல அக்கா, ஒரு கப்பல் புகையோட ஆகாயத்துல தொங்குது! பயந்துபோய் ஜெபமாலையை எடுத்தேன். மூணாவது பத்துல, எட்டு மணி இருபது நிமிஷத்துக்கு, கீழே மேகத்துல நம்ம பிளேனோட நிழல் ஓடுது, அதைச் சுத்தி வானவில் நிறத்துல ஒரு வட்டம், மாதா சுரூபத்துக்குப் பின்னால இருக்குமே அதே மாதிரி, அதுக்கு நடு எதுங்கிறீங்க, சரியா என் சன்னல்! "மாதாவே, நான் பாவி"ன்னு அழுதுட்டேன். அதுக்குள்ள முன் சீட்டுல சத்தம்.

"அடியே, பார்த்தியா? என் தலையைச் சுத்தி வச்சிட்டாங்க!"

"சுருட்டு வாசம் போகாத தலைக்கா?"

"நடுவுல இருக்கிறது என் சன்னல்டி!"

"கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க!"

டொபி மிட்டாய் கொண்டுவந்த பிளேன் பெண் சண்டை நிக்கட்டும்னு ஆளுக்கு ரெண்டு குடுத்தா. கடைசியில சீட்டு மாத்திக்கிட்டோம். வட்டமும் என்கூடவே முன்னால வந்துச்சு. பின்னால போன இவங்க, "என்கூடல்ல வந்திருச்சு!"ன்னு தொடையைத் தட்டுறாங்க. அப்பத்தான் செலின், "அம்மா, எனக்கும் என் சன்னலைச் சுத்தித்தான் தெரியுது"ன்னா. "நீ நவநாளே செய்யல, சும்மா இரு"ன்னுட்டேன்.

மாப்பிள்ளை நல்ல பையன்தான். ஆனால் வட்டம் என்னுடையது. வீட்டில் பத்து நாளாகப் பேச்சில்லை. ஆகவே மூத்தவர் என்ற முறையில் நீங்களே டிரஸர் வீட்டுக்குச் சம்மதம் என்று ஆளனுப்பிவிடுங்கள். சர்வேசுரன் உங்கள் அடுப்பையும் மச்சான் முழங்காலையும் காப்பாராக.

தங்கை
பெற்றீசியா

பி.கு: உறையை ஒட்டுமுன் ஒரு ஞானஸ்நானத்துக்காகப் பட்டிப்பொல வந்தோம். இன்று காலை மேட்டில் நிற்கிறேன், முதுகில் வெயில், கீழே பள்ளத்துப் பனியில் என் நிழல், தலையைச் சுற்றி அதே வட்டம்! முழந்தாளிட்டேன். முட்டைக்கோவா மூட்டையோடு போன அந்த ஊர் வீரய்யா நின்று, "இதுக்கா முட்டி போடுறீங்க? எனக்குத் தினமும் தெரியும்ங்க. நேத்து சாராயம் போட்டுட்டு நின்னேன், அப்பவும் இருந்துச்சு. அடுத்தவன் தலைக்குத்தான் ஒருநாளும் தெரிய மாட்டேங்குது" என்றான்.

பக்கத்தில் செலின் தன் நிழலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் நிழலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிளேனிலும் அவள் நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறாள்.

டிரஸர் வீட்டுக்கு ஆளனுப்ப வேண்டாம். வீட்டுக்குப் போனதும் அரிசிப் பெட்டிக்கு அடியிலிருந்து அந்த நர்ஸ் பாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போடப்போகிறேன். இவங்களிடம் எப்படிச் சொல்வது? சீக்கிரம் பதில் போடுங்கள்.