இடறுகம்பி நிபுணர் ப்ளம்லி

இல்லைங்க, நீங்க சொல்றது தப்பு. நாட்டைக் காப்பாத்தணும்னா துப்பாக்கி தூக்கணும், சேத்துல படுக்கணும், ஒரு வாரம் குளிக்காம இருக்கணும்னு யாரோ உங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்திருக்காங்க. ரோலண்ட் ப்ளம்லியைப் பாருங்க. வாஷிங்டன்ல முப்பத்தஞ்சு வருஷமா இருக்கார். ஏழு போர்ல 'முன்னணியில' நின்னிருக்கார். ஷூ பாலிஷ் கூட கலையலை.

இந்தப் பூமி இன்னும் ஒழுங்கா சுத்துதுன்னா அதுக்கு ரெண்டே காரணம்தான். ஒண்ணு ஈர்ப்பு விசை. இன்னொண்ணு ப்ளம்லி. ஈர்ப்பு விசைக்கு டிவியில வந்து பேசத் தெரியாது. அதனால ப்ளம்லி பேர்தான் வெளில தெரியும்.

ஒஹாயோல ஒரு மெத்தைக் கடைக்காரர் வீட்டுல பொறந்தவர். பதினாலு வயசுல ஸ்கூல் பேச்சுப் போட்டியில எழுந்து நின்னு, "சமாதானம் பேசுறவன் வீட்டுப்பாடம் எழுதாதவன்"னார். அரங்கமே கை தட்டுச்சு. சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு யாரும் கேக்கலை. அன்னைக்கே தன் தொழில் என்னன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு.

பட்டாளத்துக்கு ஏன் போகலைன்னு பொறாமைக்காரங்க கேப்பாங்க. அவரை யாரும் கூப்பிடலை, அவரும் யாரையும் தொந்தரவு பண்ணலை, அவ்ளோதான். அப்பேர்ப்பட்ட தலையைக் கொண்டு போய் ஹெல்மெட்டுக்குள்ள வெச்சா தேசத்துக்குத்தானே நஷ்டம்?

அப்புறம் 'தேசிய உறுதி மையம்'. மாசசூசெட்ஸ் அவென்யூல ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடம். அங்க அவர் 'மூத்த ஆய்வாளர்'. வேலை என்னன்னா, கவலைப்படுறது. சம்பளத்தோட. ஏவுகணை செய்யுற புண்ணியவான்கள் நாலஞ்சு பேர், எந்தப் பிரதிபலனும் பாக்காம, அந்தக் கவலைக்கு நிதி குடுத்துட்டு இருந்தாங்க. ப்ளம்லியும் வஞ்சனை இல்லாம கவலைப்பட்டார். ஒரு நாடு ஆறு மாசத்துல சரிஞ்சிடும்னார். இருபது வருஷம் ஆச்சு, அது இன்னும் மும்முரமா 'சரிஞ்சுகிட்டே' இருக்கு. இன்னொரு நாட்டுல நம்ம படைக்கு ஜனங்க மாலை போட்டு வரவேற்பாங்கன்னார். அங்க வேற ஏதோ போட்டாங்க. ஒவ்வொரு தடவை தப்பாகும்போதும் அவருக்கு ஒரு விருது குடுத்தாங்க. ஓட்டல் விருந்து, காய்ஞ்ச கோழித்துண்டு, எழுந்து நின்னு கைதட்டல். அவ்ளோ பெரிய தப்பைச் சின்ன ஆளு பண்ண முடியுமா?

ஆனா அவரைச் சிகரத்துல ஏத்தினது ஒரு புத்தகம். 'இடறுகம்பி: அமைதிக்கு ஒரு கையேடு'. இடறுகம்பின்னா, எதிரி கால் தட்டினதும் குண்டு வெடிக்குற மாதிரி வழியில கட்டி வைக்குற கம்பி. விஷயம் ரொம்ப சிம்பிள். எதிரி நாடு படையெடுத்து வர்ற வழியில நம்ம பசங்க எண்ணூறு பேரை உக்கார வெச்சிடணும். எண்ணூறு பேரால எதிரியைத் தடுக்க முடியுமா? முடியாது. தடுக்கவும் வேண்டாம். எதிரி அவங்களைத் தாண்டித்தான் வரணும், தாண்டினா அவங்க சாவாங்க, செத்தா நாடு கொதிச்சு எழும், நாடு கொதிச்சா பெரும்படை வரும். இது எதிரிக்குத் தெரியும், அதனால வர மாட்டான். ஆக, நம்ம பசங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், சாகுறதுக்குத் தயாரா இருக்கணும். மத்த எல்லாத்தையும் ப்ளம்லி பாத்துக்குவார்.

அரசாங்கமும் அந்தப் புக்கைப் படிச்சுது. வெர்டோனியாங்கிற குட்டி நாட்டோட எல்லையில எண்ணூறு பேரைக் கொண்டு போய் உக்கார வெச்சுது. ப்ளம்லி ஆபீஸ் சுவத்துல வரைபடம் மாட்டி, அந்த இடத்துல சிவப்பு மையில ஒரு கோடு இழுத்தார். அழகான கோடு. விருந்தாளிங்க வந்தா அதுக்கு முன்னாடி நிறுத்தி போட்டோ எடுத்துக்குவார்.

இங்கதான் டெஸா வர்றா. ஒரே பொண்ணு. பதினாறு வயசுல அப்பா புக்கை அட்டை டு அட்டை படிச்சா. படிச்சதோட விட்டிருந்தா பரவாயில்லை, நம்பிட்டா. காலேஜ் முடிஞ்ச கையோட ராணுவத்துல அதிகாரியா சேர்ந்துட்டா. ப்ளம்லிக்குத் தலைகால் புரியலை. அதுக்கப்புறம் எந்த மேடையில ஏறினாலும், "ஒரு சிப்பாயோட தகப்பனா சொல்றேன்"னுதான் ஆரம்பிப்பார். எதிர்ல உக்காந்து கேள்வி கேக்கலாம்னு வந்தவன் பேனாவை மூடி வெச்சிடுவான்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். வாஷிங்டன் பக்கத்துல மெக்லீன்ல, அவங்க வீட்டுப் பின்பக்கம் ப்ளம்லி அடுப்புல கறி வாட்டிட்டு இருந்தார். வீடு வித்துக் குடுக்குற தொழில் பண்ற அவர் பொண்டாட்டி மார்னி, சாலட் கிண்டிட்டு இருந்தா. லீவுல வந்த டெஸா பீர் பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சா.

"அப்பா, போஸ்டிங் ஆர்டர் வந்திருச்சு. எங்க தெரியுமா? வெர்டோனியா!"

ப்ளம்லி கையில இருந்த இடுக்கி அப்படியே நின்னுச்சு.

"வெர்டோனியால... எங்க?"

"என்னப்பா இப்படி கேக்குறீங்க? உங்க கம்பிலதான்! நான் போய் அங்க நின்னு உங்களுக்கு ஒரு செல்ஃபி அனுப்புறேன் பாருங்க."

"கம்பியா? என்ன கம்பி?"ன்னா மார்னி. முப்பது வருஷமா குடித்தனம் பண்றா, புருஷன் எழுதின புக்குல நன்றியுரையைத் தாண்டினதில்லை. அதுல தன் பேர் இருக்கான்னு பாத்துட்டு மூடிடுவா.

"அது ஒரு... தடுப்பு நடவடிக்கை"ன்னார் ப்ளம்லி.

"டெஸா அங்க போய் என்ன வேலை பாக்கணும்?"

"இருக்கணும்."

"சும்மாவா?"

"சும்மா இல்லை மார்னி. ராஜதந்திர ரீதியா இருக்கணும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"எதிரி வர்ற வரைக்கும்."

"எதிரி வந்தா?"

"நாடே கொதிச்சு எழும்."

மார்னி சாலட் கரண்டியைக் கீழ வெச்சா. "ரோலண்ட், என்னைப் பாரு. நாடு கொதிக்கணும்னா என் பொண்ணுக்கு என்ன ஆகணும்?"

முப்பத்தஞ்சு வருஷத்துல எந்த டிவிக்காரனும் கேக்காத கேள்வி. ப்ளம்லி அடுப்பைப் பாத்தார். கறி கருகிட்டு இருந்துச்சு.

"அம்மா, அதைத்தான் நாங்க ஏத்துக்கிட்டு போறோம்"னா டெஸா. அவ குரல்ல பயமே இல்லை. அவ மனப்பாடமா சொன்னது அவரோட நாலாவது அத்தியாயம்.

டெஸா வெளிய போனதும் மார்னி பக்கத்துல வந்து நின்னா. "என்ன பண்ணுவியோ தெரியாது. அவ அங்க போகக் கூடாது. புரியுதா?"

மறுநாள் காலையில மையத்தோட தலைவர் ஹாங்க் டெல்ஃபர் ரூமுக்குள்ள ப்ளம்லி நுழைஞ்சார்.

"ஹாங்க், ஆழமா யோசிச்சுப் பாத்தேன். நிஜமான ஆபத்து வெர்டோனியால இல்லை."

"யோவ், போன மாசம்தானே வெர்டோனியா விழுந்தா நாகரிகமே விழுந்திடும்னு எழுதின?"

"ஆமா. நாகரிகம் இடம் மாறிடுச்சு."

"எங்க போச்சு?"

ப்ளம்லி வரைபடத்துக்கிட்ட போய், வெர்டோனியாவுல இருந்து எவ்ளோ தூரம் போக முடியுமோ அவ்ளோ தூரம் விரலை நகர்த்தினார். மலை, பாலைவனம், இன்னொரு மலை. "கரேஷ்"னார்.

"அங்க ஆடுதானே இருக்கு?"

"அதான் ஆபத்தே. யாரும் எதிர்பாக்க மாட்டாங்க."

ஹாங்க் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டார். "கரேஷ்ல வெயில் ஜாஸ்தி இல்ல? புது மாதிரி ஏவுகணை வேணும்ல?"

"முழுக்கப் புதுசு வேணும்."

"ரோலண்ட், நீ மேதைய்யா!"

அப்புறம் ப்ளம்லி வேலை பாத்த வேகம் இருக்கே, அதைச் சொல்லி மாளாது. 'கரேஷ்: உறங்கும் எரிமலை'ன்னு அறிக்கை. டிவியில நாலு நாள். வசந்தம் வர்றதுக்குள்ள கரேஷ் எல்லையில தாக்குதல் நிச்சயம்னு அடிச்சு சொன்னார். அங்க எந்த எதிரின்னு கேட்ட நிருபர் பையனுக்கு, "அதைக் கண்டுபிடிக்கத்தானே நாம அங்க இருக்கணும்?"னு பதில் குடுத்தார். கடைசியில நாடாளுமன்றக் கமிட்டி முன்னாடி உக்காந்து, "ஒரு சிப்பாயோட தகப்பனா சொல்றேன், கம்பி கரேஷ்ல இருக்கணும்"னார். அந்தக் குரல்ல இருந்த நடுக்கம் மட்டும் நிஜம். கமிட்டி உருகிடுச்சு. வெர்டோனியா கம்பியை கரேஷுக்கு மாத்த உத்தரவு போட்டாங்க. வெள்ளை மாளிகையில இருந்து ஒரு ஆள் போன் பண்ணி, அதிபரோட துணை ஆலோசகர் பதவிக்கு உங்க பேர் அடிபடுதுன்னும் காதுல போட்டார்.

ப்ளம்லி ஆபீஸ்க்கு வந்து வெர்டோனியாவுல இருந்த சிவப்புக் கோட்டை அழிச்சார். கரேஷ்ல ஒண்ணு போட்டார். நாற்காலியில சாஞ்சு நிம்மதியா மூச்சு விட்டார். அப்போ டெஸா போன் பண்ணினா.

"அப்பா! செம நியூஸ்! நாங்க கரேஷ் போறோம்!"

"யாரு... நாங்க?"

"எங்க பட்டாளம்தான். எண்ணூறு பேரும், மூட்டை முடிச்சோட."

"இல்லையே டெஸாம்மா, கம்பியைத்தானே மாத்தச் சொன்னேன்?"

"அப்பா," டெஸா சிரிச்சுட்டா, "நாங்கதான்ப்பா கம்பி."

ப்ளம்லி சுவத்துல இருந்த கோட்டைப் பாத்தார். இத்தனை வருஷமா அது வெறும் மைன்னுதான் நினைச்சுட்டு இருந்திருக்கார்.

அது மட்டுமா? வெர்டோனியாவுல எதிரி ஒருவேளை வரலாம்னுதான் எழுதியிருந்தார். கரேஷ்ல வசந்தத்துக்குள்ள நிச்சயம்னு நாலு சேனல்ல சொல்லியாச்சு. பொண்ணைக் காப்பாத்துறேன்னு நேரா எரிமலை வாயிலயே உக்கார வெச்சுட்டார். அவர் மூட்டின எரிமலை.

சனிக்கிழமை காலையில மார்னி அவரைக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சா. "ஒரே வரி எழுது. 'நான் சொன்னது தப்பு, கம்பி எங்கயும் வேண்டாம்.' எண்ணூறு பேரும் வீட்டுக்கு வந்துடுவாங்க. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? என் பதவி? என் புக்கு?"

"உன் பொண்ணு?"

ப்ளம்லி டைப் பண்ணினார். 'நான் சொன்னது'. அங்கேயே விரல் நின்னு போச்சு. தப்பு செய்யுறதுல அவ்ளோ அனுபவம் இருந்தும், 'தப்பு'ங்கிற வார்த்தையை எழுதிப் பழக்கமே இல்லை. மெதுவா எழுந்து மாடிக்குப் போய் ஹாங்க்குக்கு போன் போட்டார்.

"தப்புன்னு எழுதப் போறியா?" ஹாங்க் பதறிட்டார். "யோவ், நம்ம தொழில்ல தப்பே கிடையாதுய்யா. 'நிலைமை மாறிடுச்சு', அவ்ளோதான். ஆமா, உனக்கு என்னதான் பிரச்சினை? கம்பியா, பொண்ணா?"

"பொண்ணு."

"அடப்பாவி, இதுக்கா கண்டம் விட்டு கண்டம் ஓடின? நம்ம போர்டுல ரெண்டு ரிட்டயர்டு ஜெனரல் எதுக்கு உக்காந்து சாண்ட்விச் சாப்பிடுறாங்க? ஒரு போன் போடு."

ப்ளம்லி போட்டார். ஜெனரலும் போட்டார். திங்கக்கிழமை டெஸாவுக்குத் தலைநகர்லயே மேசை வேலை, வீட்டுல இருந்து இருபது நிமிஷம். கம்பி அப்படியே இருக்கு, கொள்கை அப்படியே இருக்கு, எண்ணூறுல ஒரே ஒரு பேர்தான் மாறிச்சு. ஒரு குண்டு செலவில்லாம, ஒரு துளி ரத்தம் சிந்தாம இப்படி ஒரு வெற்றி சரித்திரத்துல உண்டா?

டெஸா பட்டாளத்துப் பையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தா. உள்ள வரலை. வாசல்லயே நின்னா.

"நீங்களாப்பா?"

"நிலைமை மாறிடுச்சு, டெஸாம்மா."

"என் இடத்துக்கு யார் போறா தெரியுமா? வியானா ருகெரோ. அவங்கப்பா நெப்ராஸ்கால ஸ்கூல் பஸ் ஓட்டுறார். அவளை வழியனுப்ப வந்திருந்தார். கரேஷ் எங்க இருக்குன்னு கூட அவருக்குத் தெரியலை. ஆனா பயப்படலை. ஏன்னு கேட்டேன். 'டிவியில ப்ளம்லி சார் சொன்னார்மா, அவர் சொன்னா காரணம் இருக்கும்'னார்."

ப்ளம்லிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "நெப்ராஸ்கா வரைக்கும் என்னைப் பாக்குறாங்களா?"

உள்ள நின்னுட்டு இருந்த மார்னி முகத்தைத் திருப்பிக்கிட்டா.

"ஒரே ஒரு சந்தேகம்ப்பா"ன்னா டெஸா. "உங்க புக்கை நாலு தடவை படிச்சிருக்கேன், அதுல இதுக்குப் பதில் இல்லை. கம்பியில நிக்குற எண்ணூறு பேரோட அப்பாவும் உங்களை மாதிரி ஒரு போன் போட்டா, கம்பி இருக்குமா?"

பதிலுக்குக் காத்திருக்காம பையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டா. அவ பெரிய ரோட்டுல திரும்புற வரைக்கும் ப்ளம்லி வாசல்லயே நின்னு பாத்தார். ஒரு மனுஷன் மனசு உடைஞ்சா எப்படி இருக்கும்னு அந்த முகத்துல தெரிஞ்சுது. ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அப்புறம் நெத்தி சுருங்கிச்சு.

"மார்னி!"ன்னு கத்தினார். "அவ சொன்னது கேட்டியா? கொள்கையில எவ்ளோ பெரிய ஓட்டை! எதிரி கண்டுபிடிக்குறதுக்குள்ள நான் அடைக்கணும்!"

அடைச்சுட்டார்ங்க. அதான் மேதை. இப்ப அவர் துணை ஆலோசகர். புக்கு ரெண்டாம் பதிப்பு வந்திருக்கு, புதுசா ஒரு அத்தியாயத்தோட: 'கம்பிக்கு ஆள் எடுக்கும் முறை'. உயரம், எடை, படிப்பு எதுவும் முக்கியம் இல்லையாம். ஒரே தகுதிதான் வேணுமாம், வீட்டுல யார்கிட்டயும் எந்தப் பெரிய மனுஷனோட நம்பரும் இருக்கக் கூடாது. கரேஷ்ல எதிரி இன்னும் வரலை, அதனால கொள்கைக்கு வெற்றி. நாளைக்கே வந்துட்டான்னா நாடு கொதிக்கும், அப்பவும் கொள்கைக்கு வெற்றி. வியானா அங்கதான் இருக்கா.

எங்க, உங்க போனை எடுத்து ஒரு தடவை தேடிப் பாருங்களேன். ஜெனரல், மந்திரி, அவங்க மச்சான், யாராவது ஒருத்தர் நம்பர்? இல்லையா? வாழ்த்துகள், இந்த உலகத்தோட அமைதியே உங்க வீட்டுப் பிள்ளையை நம்பித்தான் நிக்குது. என்னங்க, இதைக் கேட்டா உங்களுக்குப் பெருமையா இருக்கா, இல்லை வேற ஏதாவது தோணுதா?