வலப்பக்கம் ஒரு பெயர், இடப்பக்கம் ஒரு பெயர்

நான் பொய்யன் இல்லை. இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் உண்மை சொல்ல முயன்றவன், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை என் மனைவி ரோசலின் ஆறு வருடமாக ஏற்க மறுக்கிறாள். நீங்களாவது கேளுங்கள்.

எனக்கு வேலை மொன்றியல் துறைமுகத்தில். வருகிற ஒவ்வொரு கப்பலின் பின்பக்கத்திலும் அதன் பெயரும், கீழே அது பதிவான துறைமுகத்தின் பெயரும் இருக்கும். கப்பல்களின் பின்பக்கத்தை என்னளவு பார்த்த தமிழன் இந்த ஊரில் கிடையாது. (இதெல்லாம் ஒரு பெருமையா என்று கேட்காதீர்கள். அவரவருக்கு அவரவர் துறை.) ஆகவே பதினெட்டு அடியில் ஒரு பழைய வள்ளம் வாங்கியபோது, பெயர் எழுதுவதைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

வாங்கிய அன்றே ரோசலின் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, இந்த நாட்டிலை எல்லாம் உங்கடை பேரிலைதான் கிடக்கு. வீடு, கார், கரண்ட் பில்லும். இதுக்காவது என்ரை பேரை வைப்பியளோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள்.

"ஓம், கட்டாயம்" என்றேன்.

அடுத்த கிழமை ரொறொன்ரோவில் அண்ணை வீட்டிலிருந்து அம்மா ஃபோன் எடுத்தா. அப்பா காலம்வரை யாழ்ப்பாணக் கரையில் மீன்பிடித் தொழில் செய்த ஆட்கள் நாங்கள். வள்ளத்துக்குப் பெயர் என்றால் ஒன்று கோவில் பீடத்தில் நிற்கிற அர்ச்சிஷ்டவர் பெயர், இல்லையென்றால் பெற்ற தாயின் பெயர்.

"தம்பி, கொப்பர் தன்ரை தாயின்ரை பேரைத்தான் வைச்சவர். நீ என்ன பேர் வைக்கப்போறாய் எண்டு நான் கேக்கேல்லை. சும்மா சொன்னனான்."

(அம்மா சும்மா சொன்னால் அது கட்டளை.)

"ஓம் அம்மா, கட்டாயம்" என்றேன்.

பதிவுப் படிவத்தில் மூன்று பெயர்களை விருப்ப வரிசையில் எழுதச் சொல்லியிருந்தார்கள். வேறொரு வள்ளத்துக்கு ஏற்கெனவே உள்ள பெயர் கிடைக்காதாம். முதலாவது ரோசலின். இரண்டாவது, அம்மாவின் பெயர், திரேசா. மூன்றாவதுக்கு யாரை எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது மேல்வீட்டு மடாம் ஜினெற் கதவைத் தட்டினா. எழுபது வயது. தன்னிடம் இப்போது கார் இல்லை, தன்னுடைய கார் நிறுத்துமிடத்தில் வள்ளத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனா. நன்றியில் நனைந்துபோய் ஜினெற் என்று எழுதினேன். மூன்றாவது பெயர் யாருக்குத்தான் கிடைக்கிறது?

எனக்குக் கிடைத்தது.

வேறொருவன் என்றால் அன்றே வீட்டில் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் சட்டத்தைத் திரும்பப் படித்தேன். பெயரும் பதிவுத் துறைமுகமும் வள்ளத்தின் வெளியே தெளிவாகத் தெரியும் இடத்தில், பத்து சென்ரிமீற்றருக்குக் குறையாத எழுத்தில் இருக்க வேண்டும். நல்லது. பின்பக்கம் தெளிவான இடம்தானே? அங்கே ஜினெற், கீழே மொன்றியல். முன்பக்கத்து இரண்டு கன்னங்களும் சும்மா கிடந்தன. வலக் கன்னத்தில் ரோசலின், இடக் கன்னத்தில் திரேசா. கூடாது என்று சட்டம் எங்கே சொல்கிறது? (சொல்லியிருக்கலாம். நான் அதற்கு மேல் படிக்கவில்லை.)

கோவில் ஃபாதர் வந்து வள்ளத்தை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு வரை யாரும் பார்க்கக்கூடாது என்று கட்டளை போட்டு, தார்ப்பாய்ப் படங்கால் மூடிக்கொண்டு நானே எழுதினேன். அடிமட்டம் வைத்து அளந்து எழுதினேன். மூன்று பெயரும் அச்சுப்போல வந்தன.

யூன் மாதத்து ஞாயிறு, பூசை முடிந்து, மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதி ஆற்றங்கரையில் கோவில் சனம் நாற்பது பேர். வள்ளத்தின் மூக்கைக் கரைக்குக் கொடுத்து, பின்பக்கத்தை ஆற்றுக்குக் கொடுத்து, அதன்மேல் ஒரு பெரிய துவாயைத் தொங்கவிட்டேன். வலப்பக்கம் ரோசலின். இடப்பக்கம், "நிழல் நல்லாயிருக்கு அம்மா" என்று ரொறொன்ரோவிலிருந்து வந்த அம்மாவுக்கு ஒரு கதிரை. நடுவில் ஃபாதரின் மேசையும் றோல்ஸ் தட்டுகளும். இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போக வழியே இல்லை. பெரிய தளபதிகள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். படங்கை இழுத்தேன். அம்மா தன் பெயரைப் பார்த்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. ரோசலின் கிட்ட வந்து எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்தாள்.

"என்ரை பேரிலை ஒண்டாவது இருக்கு" என்று மெல்லச் சொன்னாள்.

அப்போது எனக்கு உள்ளே ஏதோ செய்தது. பசியாக்கும் என்று ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தேன்.

அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பெரிய போட்டில் அலை கிளப்பிக்கொண்டு போனார்கள். முன்னால் ஒரேயொரு கயிறுதான் கட்டியிருந்தேன். வள்ளம் மெதுவாக ஒரு பக்கம் திரும்பி, ரோசலின் என்ற பெயரை அம்மாவிடம் காட்டியது. பிறகு அலை திரும்பி வந்தபோது மற்றப் பக்கம் போய், திரேசா என்ற பெயரை ரோசலினிடம் காட்டியது. அம்மாவுக்கு ஆங்கிலத்தில் தன் பெயரை மட்டும்தான் வாசிக்க வரும். ஆனால் தன் பெயர் இல்லாத இடத்தை எந்த மொழியிலும் வாசிப்பா.

நான் வாய்நிறைய றோல்ஸோடு நிற்க, நீர்க்காவல் படகொன்று வந்து நின்றது. அதிலிருந்த அதிகாரி வலக் கன்னத்தைப் பார்த்தார், இடக் கன்னத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொன்ஜூர்! இந்த வள்ளத்தின் பெயர் என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

நாற்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் றோல்ஸை மென்றேன். ஒரு றோல்ஸை அவ்வளவு நேரம் மென்றவன் உலகத்தில் இருக்க மாட்டான். அதிகாரி கைநீட்டித் துவாயைத் தூக்கினார்.

ஜினெற். மொன்றியல்.

"மோன் டியூ!" என்று கடவுளைக் கூப்பிட்டு ஒரு சத்தம். அயலவர் மரியாதைக்கு அழைத்திருந்த மடாம் ஜினெற் ஓடிவந்து, என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, "மெர்சி, மெர்சி" என்று அழத் தொடங்கினா.

"ஆர் பிள்ளை இவ?" என்று அம்மா கேட்டா.

"மேல்வீட்டுக்காரி, மாமி" என்றாள் ரோசலின்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் மாமியும் மருமகளும் ஒரே பக்கம் நின்றது அன்றுதான். "இவன் சின்னனிலையும் இப்பிடித்தான்" என்று சொல்லி அம்மா மருமகளின் கையைப் பிடித்தா. இரண்டு பேரும் ஒன்றாய் நடந்து காருக்குப் போனார்கள். முன்பக்கத்து இரண்டு பெயரையும் அழிக்கச் சொல்லிவிட்டு அதிகாரியும் போனார். போகும்போது ஒரு றோல்ஸ் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் ரோசலின் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தப்பியிருப்பேன்.

"உண்மையைச் சொல்லியிருந்தா ஜினெற் எண்டே இருக்கட்டும் எண்டிருப்பன். ஒரு பொய்யைத் தடவிப் பாத்துச் சந்தோஷப்பட வைச்சிட்டியளே" என்றாள்.

 

வெட்கத்தோடு மூன்று நாள் தேய்த்து இரண்டு பெயரையும் அழித்தேன். பிறகு பதிவில் ஒரேயொரு மாற்றம் செய்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் இப்போது ரோசலின். படகோட்டும் சோதனையும் எழுதி ஒரே தடவையில் பாஸாகி, அவளே ஓட்டுகிறாள். அம்மா வந்தால் முன்னால் இருந்து செபமாலை சொல்லுவா. மடாம் ஜினெற் தன் பெயருக்கு மேலே உட்கார்ந்து கையசைப்பா. நான் கயிறு பிடிப்பவன். இரண்டு கயிறு.

போன மாதம் அம்மா வந்திருந்தபோது, குளியலறைக் கதவை இந்தக் கோடைக்குள் கட்டாயம் திருத்திவிடுவேன் என்று சொன்னேன். கட்டாயம் என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் மாமியும் மருமகளும் தேநீர்க் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள்.

"ஒருக்காத் திரும்பி நில்லுங்கோ" என்றாள் ரோசலின். "பின்னாலை என்ன எழுதியிருக்கு எண்டு பாப்பம்."

நான் திரும்பி நின்றேன்.