நெருப்புப் படம் போட்ட ட்யூப்

பிள்ளைகள் தொடாதே என்று சொன்னதைத் தொடாமல் இருக்கும் பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை. பி.எஸ்ஸி. வரை படித்தும் வரவில்லை. (இயற்பியல். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வெளியே சொல்வதில்லை.)

கார்ட்டூன் படம் செய்யும் படிப்பில் இருக்கும் என் மகள் நஸ்ரினுக்குச் சென்னை நிறுவனம் ஒன்று வேலைக்கான சோதனை வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஒரு நிமிடப் படம் அனுப்ப வேண்டும். படம் தயார். ஆனால் அதைக் கோப்பாக மாற்றக் கம்ப்யூட்டர் மூன்று மணி நேரம் விடாமல் ஓட வேண்டும். எங்களுடையதோ இருபது நிமிடத்தில் கொதித்து அணைந்துவிடும். அதன் மூளையான ப்ராஸசர் மேலிருந்த கூலர் விசிறி, காரைக்கால் உப்புக்காற்று குடித்து, சுற்றுவதைவிட முனகியதே அதிகம்.

ஷார்ஜாவில் இருக்கும் என் கணவர் மூன்று கூலர்களின் படம் அனுப்பினார். "விளக்கு எரியிறது வேணாம் வாப்பா. நம்ம போர்டுல பொருந்தி, பெட்டி மூடுனாப் போதும்" என்று நஸ்ரின் மலிவானதைத் தேர்ந்தெடுத்தாள். ஊருக்கு வந்த ஒருவர் கையில் வியாழக்கிழமை அது வந்து சேர்ந்தது. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் எடைக்குப் பயந்து முதலில் வீசுவது அட்டைப் பெட்டிகளைத்தான். ஆகவே கூலர், சோப்பு, பாதாம், என் லாத்தாவின், அதாவது அக்காவின், முழங்கால் வலிக்குக் களிம்பு எல்லாம் ஒரே பையில் அம்மணமாக வந்தன.

பையில் இரண்டு சின்ன ட்யூப். ஒன்று, கூலருக்கும் ப்ராஸசருக்கும் நடுவே தடவும், சூட்டைக் கடத்தும் பசை. மற்றது லாத்தாவின் களிம்பு. ஒன்றில் எழுத்தே இல்லை. மற்றதில் அரபி எழுத்தும், கொழுந்துவிட்டெரியும் நெருப்புப் படமும். எனக்கு அரபி ஓதத் தெரியும், பொருள் தெரியாது. மேலே கீழே குறி போடாமல் அச்சடித்தால் ஓதவும் வராது. ஆனால் நெருப்பு எந்த மொழியிலும் நெருப்புதானே? சூடு என்றால் கம்ப்யூட்டர். (சொன்னேனே, இயற்பியல்.) எழுத்தில்லாத ட்யூபை அன்றே லாத்தாவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

வெள்ளி காலை நஸ்ரினுக்குக் கல்லூரியில் தேர்வு. "ஒரு மணிக்கு வந்து நானே மாட்டிக்கிறேன். நீங்க தொடாதீங்க உம்மா."

அவள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை தொடவில்லை.

வீடியோவை ஐந்து முறை பார்த்தேன். பழையதைக் கழற்றி, ப்ராஸசரைத் துடைத்து, பட்டாணி அளவு வைக்கச் சொன்ன பசையைத் தாய்மனதோடு கொண்டைக்கடலை அளவு வைத்தேன். கமகமவென்று தைல வாசனை. வெளிநாட்டுச் சாமான் அல்லவா, சோப்புத்தூள் முதல் எல்லாவற்றிலும் மணம் சேர்க்கிறான் என்று மெச்சிக்கொண்டே நான்கு திருகுகளையும் முறுக்கினேன்.

நஸ்ரின் வந்தாள். மாட்டி முடித்ததைப் பார்த்து முறைத்தாள், ஓட விட்டாள். எட்டே நிமிடத்தில் அணைந்தது. பழைய கூலராவது இருபது நிமிடம் தாங்கியது.

பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தாள். "உம்மா, கம்ப்யூட்டருக்கு ஜலதோஷமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. லாத்தா.

"ஏண்டி, ஒன் மச்சான் ஷார்ஜாவுலேந்து அனுப்புன மருந்த ரெண்டு முட்டியிலயும் அப்புனேன். ஈயம் பூசுன சட்டி மாதிரி மின்னுது, கழுவுனாலும் போவல. ஆனா வலி பாதி கொறஞ்சிடுச்சுடி!"

நஸ்ரின் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே முக்கால். "பெரியம்மா மிச்சம் வச்சிருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து திரும்பும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு லாத்தா வீடு இருக்கும் தலத்தெருவுக்கு ஸ்கூட்டரில் பறந்தோம். லாத்தா ட்யூபைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்.

"குடுத்த மருந்தத் திருப்பிக் கேக்குறியே, வெக்கமா இல்ல?"

"லாத்தா, அது மருந்து இல்ல. கம்ப்யூட்டருக்குப் பூசுறது."

"ஏன், அதுக்கும் முட்டி வலியா?"

நஸ்ரின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "பெரியம்மா, என் வேலையே அதுக்குள்ளதான் இருக்கு. ஒரு பட்டாணி அளவு போதும்."

லாத்தா அவள் முகத்தைப் பார்த்தார். ட்யூபை எடுத்தார். பற்பசை தீர்ந்த வீட்டில் செய்வதுபோல வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டி நுனிக்குத் தள்ளிக் கொடுத்தார். அதில் இருந்தது சரியாக ஒரு பட்டாணி.

தைலத்தைத் துடைத்து மறுபடி மாட்டியபோது இரண்டரை தாண்டிவிட்டது. நான் அறை வாசலில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தேன். (உள்ளே வரத் தடை.) ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. வேலையும் கிடைத்தது.

கம்ப்யூட்டர் சூடேறினால் இன்றும் லேசாகத் தைலம் மணக்கிறது. நெருப்புப் படக் களிம்பைத் தொடாத லாத்தா, "அந்த வெள்ளி மருந்து வருமா?" என்று ஷார்ஜாவுக்கே போன் போடுகிறார். என் கணவரோ அனுப்பும் ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் தமிழில் சீட்டு ஒட்டுகிறார். போன மாதம் வந்த பேரீச்சம்பழப் பொட்டலத்திலும் இருந்தது: "வாய்க்கு."